ஒரே பெயர், இரண்டு வேலை: ஏற்காட்டுப் பந்தாட்டக்காரரும் டிரம்பெட் வாசித்தவரும் ஒருவர்தானா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரியப்பா ஏற்காட்டில் பிறந்து, அங்கேயே விடுதிப் பள்ளியில் படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து அந்த அலுவலக அணிக்குக் கால்பந்து ஆடியவர். 1968 முதல் 1974 வரை கல்கத்தாவில் ஆடினார் என்று வீட்டில் சொல்கிறார்கள். இப்போது அவர் பெயரை இணையத்தில் தேடினால் வருகிற ஒரு பக்கத்தில், கால்பந்து விவரங்களுக்குக் கீழேயே, 70களிலும் 80களிலும் வந்த படப்பாடல்களுக்கு அவர் டிரம்பெட் வாசித்ததாக ஒரு நீளமான பட்டியலும் இருக்கிறது. பள்ளியில் பேண்டு வாசித்தவர் என்று உங்கள் அத்தை சொல்வதால் உங்களுக்கும் நம்பலாம் போலத் தோன்றுகிறது. முதலாம் ஆண்டு நினைவு மலரில் இரண்டையும் போடலாமா, அப்படியானால் ராயல்டி ஏதும் வருமா என்பது உங்கள் கேள்வி. இந்த இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பக்கத்தில் இருப்பது ஓர் ஆளா, ஒரே பெயர் கொண்ட இரண்டு ஆட்களா?

ஒரு நாளிதழின் ஆவணப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பழைய பேப்பரில் பெயர் தேடி, இன்னார்தான் இவர் என்று உறுதி செய்து கொடுப்பதே அங்கே அன்றாடப் பிழைப்பு. இசைத்தட்டு சேர்ப்பது அதற்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அவர்கள் இரண்டு பேர் என்றே நினைக்கிறேன். ஆனால் நான் நினைப்பதை வைத்து நீங்கள் அச்சில் போடவும் கூடாது, விடவும் கூடாது. எதை வைத்து முடிவு செய்யலாம் என்பதைச் சொல்கிறேன், முடிவு உங்கள் கையில் இருக்கும் காகிதங்களைப் பொறுத்தது.

பந்தாட்டக்காரரின் வாழ்க்கை தேதி வாரியாகப் பதிவாகிற வாழ்க்கை. ஆட்டத்துக்கு முன்பே 11 பேரின் பெயரை எழுதி நடுவரிடம் கொடுக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் கோல் போட்டவர் பெயர் வருகிறது, பெரிய ஆட்டமென்றால் இரண்டு அணியின் பட்டியலும் வருகிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவிடம் இந்தியா 1-3 என்று தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் அதுதான். தோற்ற ஆட்டம், ஒரே ஒரு கோல், 60 வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் யார் அடித்தது, எந்த ஊரில், யாருக்கு எதிராக என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பீட்டர் தங்கராஜும் அப்படித்தான். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்ற ராணுவ அணி 1955இலும் 1958இலும் டியூராண்ட் கோப்பை கால்பந்துப் போட்டியை வென்றபோது கோல் காத்தவர் அவர். பிறகு கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் மூன்றுக்கும் ஆடினார். எந்தப் பருவத்தில் எந்தச் சட்டை போட்டார் என்று இன்றைக்கும் பழைய பேப்பரை வைத்தே எழுதிவிடலாம்.

ஆகவே உங்கள் பெரியப்பா கல்கத்தாவில் முதல் டிவிஷனில் ஆடியிருந்தால் தடயம் கட்டாயம் இருக்கும். கீழ் டிவிஷன் கிளப் என்றால் பேப்பரில் வெறும் ஸ்கோர் மட்டும் வந்திருக்கலாம், ஆகவே பெயர் கிடைக்காததை வைத்து அவர் ஆடவில்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்று, அந்தக் காலத்து ஆட்டக்காரரை ‘தொழில்முறை வீரர்’ என்று மலரில் எழுதாதீர்கள். 1996இல் தேசிய லீக் தொடங்கும் காலம் வரை நம் ஊரில் பெரும்பாலானோர் ரயில்வே, வங்கி, கஸ்டம்ஸ், துறைமுகம், ராணுவம் என்று எங்காவது சம்பளத்துக்கு இருந்துகொண்டே ஆடியவர்கள். கிளப் தனியாகப் பணம் கொடுத்திருக்கும், ஆனால் சோறு போட்டது அந்த வேலைதான். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வேலை என்று ஒன்று இருந்தால் அதற்கு சர்வீஸ் ரெஜிஸ்டர், அதாவது பணிப்பதிவேடு, இருக்கும். அதைப்போல நம்பகமான சாட்சி வேறில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாத்தியக்காரர் விஷயம் இதற்கு நேர் எதிர். சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவே போதும். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோ அது, 100 படங்களுக்கு மேல் எடுத்தது. தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. நடித்தவர் யார், இசை எஸ்.தட்சிணாமூர்த்தி, பாடியவர்கள் யார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டுகளில் வயலின் போட்டவர் யார், கிளாரினெட் யார்? இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் அந்த வட்டக் காகிதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாட்டின் முதல் அடி, பாடியவர், படம், இசையமைப்பாளர், தட்டின் எண். அவ்வளவுதான் இடம். பாட்டுக்குப் பின்னால் 30 பேர் உட்கார்ந்து வாசித்திருந்தாலும் ஒருவர் பெயர்கூட அதில் இருக்காது. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் சில சமயம் இசையமைப்பாளரின் உதவியாளர் பெயர் வரும், வாத்தியக்குழு பெயர் அபூர்வம். தனித்தனி வாத்தியக்காரர்களின் பெயரை வரிசையாகப் போடும் பழக்கம் நம் சினிமாவில் பரவலானது 90களில், ஏ.ஆர்.ரஹ்மானின் கேசட்டுகளுக்குப் பிறகுதான். மடித்து வைத்த அந்த உள்தாளைப் பிரித்தால், பொடி எழுத்தில் புல்லாங்குழல் இன்னார், பேஸ் கிடார் இன்னார் என்று இருக்கும். முன்பும் ஒன்றிரண்டு தனி ஆல்பங்களில் அப்படிப் போட்டதுண்டு. படப்பாடலில் அது வழக்கமில்லை.

அப்படியானால் 70களின் பாட்டுகளுக்கு இன்னார் டிரம்பெட் வாசித்தார் என்று அந்தப் பக்கத்தில் எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது? இதுதான் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிந்து மூன்று வழிதான் உண்டு. வாசித்தவரோ கூட வாசித்தவரோ பிற்காலத்தில் பேட்டி கொடுத்திருக்கலாம். இசையமைப்பாளர் மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அல்லது ரசிகர் ஒருவர் காதால் கேட்டு, இந்த ஊதல் இவருடையதாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதியிருக்கலாம். முதல் இரண்டும் ஆதாரம். மூன்றாவது ஊகம். இணையப் பட்டியல்களில் மூன்றும் ஒரே மாதிரி வரியாக, ஒரே எழுத்தில் உட்கார்ந்திருக்கும் என்பதுதான் ஆபத்து.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் எப்படி நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் பட்டியலை எடை போட முடியும். பாடுகிறவரும் முழு வாத்தியக்குழுவும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ரிகர்சல் பார்த்து, ஒரே மூச்சில் டேக் எடுப்பார்கள். ஒருவர் பிசகினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. கால்ஷீட் கணக்கில் கூலி. காலையில் ஒரு ஸ்டுடியோ, மதியம் வேறு ஸ்டுடியோ என்று ஓடுவார்கள். எம்.பி.சீனிவாசன் முன்னின்று அமைத்த திரை இசைக்கலைஞர்கள் சங்கம் வந்த பிறகுதான் கூலிக்கும் நேரத்துக்கும் ஒரு முறை ஏற்பட்டது. டிரம்பெட் வாசிப்பவர் என்றால் இரண்டு வகை வேலை. கூட்டத்தோடு கூட்டமாக மற்ற ஊதுவாத்தியங்களோடு சேர்ந்து ஊதுவது ஒன்று. இடையிசையில் தனியாக ஒரு பிட் வாசிப்பது இன்னொன்று. நினைவில் நிற்பதும் பேட்டியில் வருவதும் இரண்டாவதுதான். இதற்கு மேல் ரீ-ரெக்கார்டிங் வேலை, அதாவது படத்தின் பின்னணி இசை. நாள்கணக்கில் உழைக்கும் அந்த வேலை எந்தத் தட்டிலும் வராது. ஆக ஒரு நிஜமான வாத்தியக்காரரின் பட்டியல் எப்போதும் அவர் செய்த வேலையைவிடச் சின்னதாகவே இருக்கும். அழகாக, படம் வாரியாக, வருடம் வாரியாக முழுமையாக இருக்கும் பட்டியலைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் கூடும்.

இப்போது பெயருக்கு வருவோம். உங்கள் பெரியப்பாவின் பெயரை இங்கே திரும்ப எழுதவில்லை, ஆனால் அது சேலம் வட்டாரத்திலும் சென்னையிலும் நிறையப் பேருக்கு இருக்கிற பெயர். இப்படிப்பட்ட பெயரில் நமக்கு ஒரே பிடி தலைப்பெழுத்துதான். அதிலும் குழப்பம் உண்டு. ‘எஸ்’ என்று இருந்தால் அது அப்பா பெயரா, சேலமா? பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் மட்டும் இருக்கும், வேலைக்குப் போன இடத்தில் ஊரையும் சேர்த்து இரண்டெழுத்தாக்கியிருப்பார்கள். கல்கத்தா பேப்பர்களில் தலைப்பெழுத்தை அப்படியே விட்டுவிட்டு, பெயரைப் பாதியாக வெட்டி, எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் போடுவது சகஜம். ஆகவே அந்தப் பக்கத்தை உருவாக்கியவர் தலைப்பெழுத்து இல்லாத ஒரு கால்பந்துப் பெயரையும், தலைப்பெழுத்து இல்லாத ஒரு டிரம்பெட் பெயரையும் கண்டு, இரண்டையும் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதை. பாட்டுக் கேட்கும் செயலிகளிலும் இதே கோளாறு உண்டு. கம்பெனி கொடுத்த பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் போதும், இரண்டு பேரின் பாட்டும் ஒரே பக்கத்தில் போய் விழுந்துவிடும்.

பிரித்துப் பார்க்க என்ன வழி? பந்தாட்டத்தை முதலில் தேதியோடு நிலைநிறுத்துங்கள், அதன் மேல் இசையை வைத்துப் பாருங்கள். ஏனென்றால் ஒன்றுக்குத்தான் தேதி இருக்கிறது. அந்தக் காலத்தில் கல்கத்தா லீக் மே மாத வாக்கில் தொடங்கி மழைக்காலம் முழுக்க ஓடும். அதையொட்டி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. பெரிய கிளப்பாக இருந்தால் அதற்கப்புறம் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை, டெல்லியில் டியூராண்ட். மாநில அணியில் எடுத்திருந்தால் சந்தோஷ் டிராபி வேறு. இப்படி ஒரு வருடத்தில் பெரும்பகுதி போய்விடும். அப்படிப்பட்டவர் அதே வருடங்களில் சென்னையில் கால்ஷீட் வாசித்துக்கொண்டு இருந்திருக்க முடியாது. ஸ்டுடியோவில் அழைத்த நேரத்தில் வராத வாத்தியக்காரருக்கு அடுத்த அழைப்பு வராது. டிரம்பெட் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. உதடு பழக்கத்தில் இருக்க வேண்டிய வாத்தியம் அது, மாதக்கணக்கில் தொடாமல் விட்டுவிட்டு வந்து நேராக டேக்குக்கு உட்கார முடியாது.

ஆனால் இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது, கவனமாக இருங்கள். படம் வெளியான வருடம் பாட்டு பதிவான வருடமாக இருக்க வேண்டியதில்லை. நம் வழக்கப்படி பாட்டை முதலில் பதிவுசெய்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்குப் போவார்கள். படம் பணமில்லாமல் நின்றுபோய் இரண்டு வருடம் கழித்து வந்ததும் உண்டு. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் தேதி இருக்கும். பாட்டு அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பது மட்டும் அதிலிருந்து நிச்சயம். தட்டில் லேபிளுக்கு வெளியே, வழவழப்பான பகுதியில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது தட்டு தயாரித்தபோது கம்பெனி போட்ட அடையாள எண்ணை, அதே கம்பெனியின் மற்றத் தட்டுகளோடு ஒப்பிட்டால் எது முன், எது பின் என்று ஓரளவு சொல்லலாம். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் ஸ்டுடியோ பதிவேடு வேண்டும், அவை பெரும்பாலும் பிழைக்கவில்லை. எனவே 1968க்கும் 1974க்கும் நடுவில் வெளியான ஓரிரு படங்கள் பட்டியலில் இருப்பதை வைத்து மட்டும் இருவரும் வேறு என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த ஆறு வருடங்களில் பட்டியல் அடர்த்தியாக இருந்தால் சொல்வேன்.

எதிர்ப்பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1974க்குப் பிறகு அவர் சென்னைக்குத் திரும்பி, வேலையையும் பார்த்துக்கொண்டு மாலையில் வாசித்திருக்க முடியாதா? முடியும். அன்றைய சென்னை ஸ்டுடியோக்களில் ஊதுவாத்தியம் வாசித்தவர்களில் பலர் போலீஸ் பேண்டு, ராணுவ பேண்டு, ஆங்கிலோ இந்தியர்களின் நடனக் குழுக்கள், தேவாலய இசை என்று பல வாசல் வழியாக வந்தவர்கள். மலைப்பள்ளி ஒன்றில் பந்தும் பேண்டும் சேர்ந்து பழகிய பையன் பிற்காலத்தில் அப்படிப் போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் நொட்டேஷனை, அதாவது எழுதிக் கொடுத்த இசைக்குறிப்பை, பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும், சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், பகல் கால்ஷீட்டுக்கு அலுவலகத்தில் லீவு வேண்டும். இவையெல்லாம் வீட்டுக்குத் தெரியாமல் நடக்கக்கூடியவை அல்ல. பட்டியலில் இருக்கிற அளவுக்கு அவர் வாசித்திருந்தால், உங்கள் பெரியம்மா அதை இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. நான் இரண்டு பேர் என்று நினைப்பதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான்.

வீட்டில் தேட வேண்டியவை. முதலில் சர்வீஸ் ரெஜிஸ்டரின் நகல், இல்லாவிட்டால் பென்ஷன் ஆணை. வேலையில் சேர்ந்த தேதி, ஊர் மாற்றம், ஓய்வு எல்லாம் அதிலிருந்து கிடைக்கும். விளையாட்டுக் கோட்டாவில் வந்தவர் என்றால் போட்டிக்குப் போன நாட்கள் ஸ்பெஷல் கேஷுவல் லீவாகப் பதிவாகியிருக்கலாம். தேதியோடு, சில சமயம் போட்டியின் பெயரோடு அந்தப் பதிவைப் பார்த்தால் அவருடைய பந்தாட்ட வாழ்க்கையே கண் முன்னால் விரியும். அடுத்தது அணிப் புகைப்படங்கள். சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரையும் ஊரும் இருக்கும். அட்டையின் அடியில் நிற்பவர், அமர்ந்திருப்பவர் என்று பெயர் வரிசை அச்சிட்டிருந்தால் தலைப்பெழுத்து அங்கேயே கிடைத்துவிடும். பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் கேட்டால் அப்பா பெயரும் பிறந்த தேதியும் உறுதியாகும். பள்ளியில் பழைய ஆண்டு மலர்கள் இருந்தால் அதில் கால்பந்து அணியும் பேண்டு குழுவும் தனித்தனிப் படமாக இருக்கும். இரண்டிலும் அவர் முகம் இருக்கிறதா பாருங்கள், அத்தை சொல்வது அப்போது உறுதிப்படும். இவ்வளவும் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவிலேயே முடிகிற வேலை.

இசைப் பக்கத்துக்குச் சென்னை போக வேண்டும். திரை இசைக்கலைஞர்கள் சங்கத்தில் பழைய உறுப்பினர் பட்டியல் பற்றிக் கேளுங்கள், அப்பா பெயரையும் பிறந்த வருடத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தப் பெயரில் இருந்தவர் வேறு அப்பாவுக்குப் பிறந்தவர் என்று தெரிந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் பழைய சினிமா இதழ்களும் இருக்கின்றன, அங்கே ஒரு நாள் உட்காரலாம். எல்லாவற்றையும்விட, 70களில் வாசித்த மூத்த கலைஞர் ஒருவரிடம் உங்கள் பெரியப்பாவின் புகைப்படத்தைக் காட்டிக் கேட்பது நல்லது. பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், ‘ஆமாம், தெரியும்’ என்றுதான் சொல்வார்கள், அந்தப் பெயரில் ஒருவர் இருந்திருக்கிறாரே. படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, போட்டுவிட்டுப் போகலாமே என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தவறாகப் போட்டால் உங்கள் பெரியப்பாவுக்கு நஷ்டமில்லை, அவருடைய கோல்கள் அவருடையவைதான். நஷ்டம் அந்த டிரம்பெட் கலைஞருக்கு. அவர் பெயர் எந்தத் தட்டிலும் வரவில்லை. வாழ்நாள் முழுக்க வாசித்ததற்கு வெளியில் மிஞ்சியிருப்பது அந்த நாலு வரிப் பட்டியல் மட்டுமாக இருக்கலாம். அதுவும் இன்னொருவர் படத்துக்குக் கீழே போய்விட்டால் அவருடைய பிள்ளைகள் தேடும்போது ஒரு கால்பந்து வீரரைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மலரும் அச்சில் வந்துவிட்டால், நாளைக்கு அந்த இணையப் பக்கமே அதை ஆதாரமாகக் காட்டும்.

ராயல்டி பற்றிச் சுருக்கமாக. நான் வக்கீல் அல்ல, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1957 காப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவருக்கென்று தனி உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது, 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 1999இல் 50 வருடமாக உயர்ந்தது. 2012 திருத்தத்தில் அந்த உரிமை விரிவானது. ஆனால் திரைப்படத்தில் போகிறபோக்கில் வாசித்தவர், தொழில் வழக்கப்படி பெயர் போடப்படாதவர் என்றால் அவரைப் பெரும்பாலான விஷயங்களில் ‘நிகழ்த்துபவர்’ ஆகவே சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. 70களில் கால்ஷீட்டுக்குக் கூலி வாங்கிக்கொண்டு வாசித்ததற்கு இன்று வாரிசுகளுக்குப் பணம் வரும் என்று நான் நம்பவில்லை. அதற்காக யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மலர் அச்சுக்குப் போகும் நாளுக்குள் காகிதங்கள் வந்து சேராவிட்டால், ஏற்காட்டில் பிறந்தார், பள்ளியில் பந்தும் பேண்டும் பழகினார் என்று அத்தை நினைவுகூர்கிறார், சென்னையில் இன்ன அலுவலகத்தில் வேலை பார்த்து அதன் அணிக்கு ஆடினார், பிறகு கல்கத்தாவில் ஆடினார் என்ற அளவில் போடுங்கள். கல்கத்தா வருடங்களுக்குப் பக்கத்தில் ‘குடும்பத்தார் சொன்னபடி’ என்று சேர்த்துவிடுங்கள். டிரம்பெட் பட்டியலை இந்த மலரில் விட்டுவிடுங்கள். சர்வீஸ் ரெஜிஸ்டர் கிடைத்தால் அந்த லீவுப் பதிவு இருக்கும் பக்கங்களைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு. எந்தத் தேதிக்கு எந்தப் போட்டி என்று உட்கார்ந்து பொருத்திக் கொடுக்கிறேன்.